மின்சார டூத் பிரஷின் கழுத்தில் தேங்கும் ஈரம்

சில மாதங்களாக நாள்தோறும் இருவேளை உழைத்துவரும் ஒரு மின்சார டூத் பிரஷின் தலையைக் கழற்றி, அதன் அடிப்பக்கத்தை வெளிச்சத்துக்கு நேரே திருப்பிப் பாருங்கள். மேலே இழைகள் வெள்ளை வெளேரென்று இருக்கும். ஆனால் கைப்பிடியின் தண்டு நுழையும் துளையின் ஓரத்தில் பழுப்பும் கறுப்புமாக ஒரு வளையம் ஒட்டியிருக்கும். தொட்டால் வழுக்கும், முகர்ந்தால் நெடுநேரம் ஊறிப்போன துணியின் வாடை அடிக்கும். கைப்பிடியின் மேல்முனையிலோ, உலோகத் தண்டைச் சுற்றிப் பற்பசை காய்ந்து சுண்ணாம்புப் பற்றுப்போல் இறுகியிருக்கும். இதை முதன்முதலாகப் பார்ப்பவர்களில் பலர் கொதிநீரையோ பிளீச்சிங் திரவத்தையோ வினிகரையோ தேடிப் போகிறார்கள். அந்தப் பதற்றம் இயல்பானது. இருந்தாலும், கசடு எப்படிச் சேர்கிறது என்பதை அறிந்துகொண்டால், அதைத் தடுக்க வேறெதையும்விட உலர்வுதான் தேவை என்பதும், அவசரத்தில் கையிலெடுக்கும் பொருள்களில் பல பிரஷையே பாழாக்கக்கூடியவை என்பதும் விளங்கும்.

பல் துலக்கும்போது பிரஷ் பெரும்பாலும் நிமிர்ந்த நிலையிலேயே இருப்பதால், உமிழ்நீரும் நுரையும் பசையும் கலந்த குழம்பு தலையிலிருந்து கழுத்துவழியாகக் கீழே வழிகிறது. சாதாரண பிரஷ் ஒரே துண்டாக இருப்பதால் அது வழிந்து போய்விடும். மின்சார பிரஷில் தலையும் கைப்பிடியும் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய இடைவெளி இருக்கிறது. அசையும் பாகத்துக்கு இடம் வேண்டும் என்பதால் அந்த இடைவெளியைத் தவிர்க்க முடியாது. குழம்பு அதற்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. பற்பசையில் அழுக்கைத் தேய்த்தெடுக்கச் சிலிக்கா அல்லது கால்சியம் கார்பனேட் போன்ற நுண்துகள்களும், பசை காய்ந்து கட்டியாகாமல் இருக்கக் கிளிசரின், சார்பிட்டால் போன்ற ஈரங்காக்கும் பொருள்களும் சேர்க்கப்படுகின்றன. குழாய்க்குள் பசையை மென்மையாக வைத்திருக்கும் அதே குணம், பிரஷின் கழுத்துக்குள் போனபின் அங்குள்ள ஈரத்தையும் எளிதில் விடாமல் பிடித்துக்கொள்கிறது. இருட்டு, ஈரம், காற்றோட்டமின்மை, உமிழ்நீரிலிருந்து வரும் சத்து ஆகிய நான்கும் ஓரிடத்தில் கூடினால் நுண்ணுயிர்களுக்கு வேறென்ன வேண்டும்? பாக்டீரியாக்கள் அங்கே ஒட்டிக்கொண்டு, தாமே சுரக்கும் பசைபோன்ற பொருளால் தங்களைச் சுற்றி ஓர் உயிர்ப்படலத்தைக் கட்டிக்கொள்கின்றன. விரலில் வழுக்குவது அதுதான். கறுப்புப் புள்ளிகள் தென்பட்டால் பூஞ்சையும் சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

இதனால் நோய் வருமா என்பது நியாயமான கேள்வி. நம் வாய் எப்போதும் கிருமிகள் நிறைந்த இடம். பிரஷில் இருப்பவற்றில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தவைதான். டூத் பிரஷில் வளரும் பாக்டீரியாக்களால் குறிப்பிட்ட உடல்நலக் கேடு விளைகிறது என்பதற்குச் சான்று இல்லை என்பதே அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் நிலைப்பாடு. நல்ல உடல்நலமுள்ள ஒருவர் இதை எண்ணித் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை. ஆனால் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், வேறு காரணங்களால் நோயெதிர்ப்பு குன்றியவர்கள் ஆகியோருக்கு வாய்க்குள் போகும் ஒவ்வொரு பொருளின் தூய்மையும் முக்கியம். அவர்கள் தங்கள் மருத்துவரிடம் இதைத் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தலையின் அமைப்பும் கணக்கில் வருகிறது. ஹூஸ்டனிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பள்ளியின் ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வொன்று, உட்புறம் குழிவாக உள்ள தலைகளில் நுண்ணுயிர்கள் மிகுதியாகத் தங்குவதையும், உட்புறம் பெரும்பாலும் அடைபட்ட தலைகளில் அவை குறைவாக இருப்பதையும் காட்டியது. கடையில் வாங்கும்போது தலையின் உட்புறத்தைப் பெட்டியின் வழியே பார்க்க முடிவதில்லை என்பது வருத்தத்துக்குரியது. நம்மிடம் இருப்பது குழிவான வகை என்றால், அதைக் கழற்றிக் கழுவுவதையும் காயவிடுவதையும் ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

கசடு செய்யும் இன்னொரு கேடு கருவிக்கு நேர்கிறது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. கைப்பிடியின் உச்சியில் உலோகத் தண்டு வெளியே வரும் இடத்தில் ஒரு சிறு ரப்பர் வளையம் இருக்கிறது. மோட்டார், மின்சுற்றுப் பலகை, பேட்டரி மூன்றையும் நீரிலிருந்து காப்பதில் பெரும்பங்கு அந்த வளையத்துக்குத்தான். அதிர்வு வகை பிரஷ்களில் சில, நிமிடத்துக்கு 31,000 அசைவுகள்வரை செய்கின்றன. அத்தனை வேகத்தில் அசையும் தண்டைச் சுற்றிக் காய்ந்த பற்பசைத் துகள்கள் இறுகியிருந்தால், அவை உப்புத்தாள் தேய்ப்பதுபோல ரப்பரை மெல்ல மெல்லத் தேய்க்கும். வளையம் தளர்ந்ததும் நீர் உள்ளே கசியத் தொடங்கும். பழைய பிரஷ் ஒன்றின் கழுத்தில் இறுகியிருந்த பற்றை, நான் ஒருமுறை ஊக்கின் முனையால் சுரண்டி எடுத்தேன். பற்று முழுவதும் வந்துவிட்டது. பார்க்க நிறைவாக இருந்தது. சில வாரங்களில் பிரஷ் தானாகவே ஓடத் தொடங்கியது, நள்ளிரவில், யாரும் தொடாமலே. பிரித்துப் பார்த்தபோது சுற்றுப்பலகையில் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. ரப்பர் வளையத்தில் ஊக்கு ஏறிய இடம் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. சுத்தம் செய்கிறேன் என்ற நினைப்பில் நானே நீருக்கு வழிவெட்டிக் கொடுத்திருந்தேன். அதனால்தான், கூர்மையான எந்தப் பொருளையும் அந்த வளையத்தின் அருகே கொண்டுபோக வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். பல பிரஷ்களின் கையேடுகளிலும் இந்த எச்சரிக்கை உண்டு.

பெட்டியின்மேல் ஐபிஎக்ஸ் 7 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, எப்படி வேண்டுமானாலும் நீரில் போடலாம் என்று கருதுவோர் உண்டு. அந்தக் குறியீட்டின் பொருள் வரையறைக்கு உட்பட்டது. 1 மீட்டர் ஆழமுள்ள அசையாத நன்னீரில் 30 நிமிடம் மூழ்கியிருந்தாலும், பழுது விளைவிக்கும் அளவுக்கு நீர் உள்ளே புகாது என்பதுதான் அது தரும் உறுதி. சோதனைக்கு வைக்கப்படுவதும் புதிய கருவியே. கொதிநீர், சோப்புக் கரைசல், குழாயிலிருந்து விசையோடு பாயும் நீர் ஆகியவற்றைப் பற்றி அந்தக் குறியீடு எதுவும் சொல்வதில்லை. இரண்டாண்டு உழைத்துத் தேய்ந்த ரப்பருக்கும் அது பொருந்தாது. ஆகவே கைப்பிடியை ஒரு டம்ளர் நீரில் ஊறவைப்பதோ, குழாயின் விசை நேரே தண்டின்மீது விழும்படி பிடிப்பதோ கூடாது.

சரியான பராமரிப்பு மிக எளிது. அதன் எளிமையால்தான் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். பல் துலக்கி முடித்ததும், பிரஷ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் இழைகளைச் சில நொடிகள் ஓடும் நீரில் காட்டினால், இழைகளுக்கிடையே சிக்கியிருக்கும் பசையும் உணவுத் துணுக்கும் அதிர்விலேயே வெளியேறிவிடும். பிறகு நிறுத்திவிட்டுத் தலையைக் கழற்ற வேண்டும். பெரும்பாலோர் தவறவிடும் படி இதுதான். தலையின் உட்புறத்தில் நீர் புகுந்து வெளியேறும்படி இரண்டு மூன்று முறை அலசி, உள்ளங்கையில் தட்டி நீரை உதற வேண்டும். கைப்பிடியைச் சற்றே சாய்த்து, மெல்லிய நீரோட்டத்தில் தண்டைச் சுற்றிக் கழுவி, உடனே ஓர் உலர்ந்த துணியால் மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும். இவ்வளவுக்கும் அரை நிமிடம் போதும். அதன்பின் தலையை மாட்டிவிடாமல், துளை காற்றைப் பார்க்கும்படி தனியே நிற்கவைத்து, மறுவேளை துலக்கும்போது மாட்டிக்கொண்டால், கழுத்தில் ஈரம் தேங்குவதற்கு வாய்ப்பே இருக்காது. நான் இப்போது செய்துவருவது இதைத்தான். தலையின் உட்புறம் இதனால் வெள்ளையாகவே இருக்கிறது.

வாரத்துக்கு ஒருமுறை இன்னும் சற்று நேரம் ஒதுக்கலாம். வெதுவெதுப்பான நீரில் ஓரிரு சொட்டு மென்மையான சோப்புத் திரவம் கலந்து, மென்மையான பழைய டூத் பிரஷ் ஒன்றை அதில் நனைத்து, தலையின் உள்விளிம்பையும் கைப்பிடியின் கழுத்தையும் வட்டமாகத் தேய்த்தால் படலம் கலைந்துவிடும். உயிர்ப்படலத்தைப் பொறுத்தவரை, தேய்ப்பு செய்யும் வேலையில் பாதியைக்கூட ஊறவைப்பது செய்யாது. பல்லின்மேல் படியும் படலத்தை வாய் கொப்பளிப்பதால் மட்டும் நீக்க முடியாமல் நாம் துலக்கத்தானே வேண்டியிருக்கிறது, அதே காரணம்தான் இங்கும். துளையின் ஆழத்துக்குப் பஞ்சுக் குச்சி போதும். கெட்டிப்பட்ட பற்று இருந்தால், நனைத்த துணியைக் கழுத்தைச் சுற்றிச் சில நிமிடம் சுற்றிவைத்து இளகச் செய்துவிட்டுத் துடைப்பது பாதுகாப்பானது. பொத்தானைச் சுற்றியுள்ள பள்ளத்தையும் கைப்பிடியின் அடிப்பக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. வழிந்த நீர் கடைசியில் தங்குவது அந்த அடிப்பக்கத்தில்தான்.

இனி, செய்யக் கூடாதவற்றுக்கு வருவோம். கொதிநீர் கிருமியைக் கொல்லும் என்பது உண்மை; ஆனால் இழைகள் பெரும்பாலும் நைலானால் ஆனவை, வெப்பத்தில் தளர்ந்து வடிவிழப்பவை. வளைந்து விரிந்த இழைகள் ஈறோரத்தை எட்டுவதில்லை. மைக்ரோவேவ் அடுப்பில் வைப்பது நேரடி ஆபத்து, ஏனெனில் பல தலைகளில் இழைக் கற்றைகளைப் பிடித்திருப்பவை சிறு உலோகத் துண்டுகள். சில தலைகளுக்குள் உலோக ஊசியும் உண்டு. அவை பொறி கக்கித் தீப்பற்ற இடமுண்டு. பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் வெப்பமும் காரமும் கைப்பிடிக்கும் சார்ஜருக்கும் ஆகாதவை. பிளீச்சிங் திரவத்திலுள்ள குளோரின் சேர்மங்கள் துருப்பிடிக்காத எஃகையும் அரிக்கக்கூடியவை. வினிகரும் ஆல்கஹாலும் கைப்பிடியின் நிறத்தைக் கெடுக்கும் என்று சில கையேடுகளே எச்சரிக்கின்றன. இவற்றுள் எதைவிடவும் மோசமானது, ஒன்று போதாதென்று இரண்டைக் கலப்பது. பிளீச்சிங் திரவத்தோடு வினிகர் சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளியேறும். காற்றோட்டமில்லாத சிறிய குளியலறையில் ஒருவர் குனிந்துகொண்டு இதைச் செய்வதை நினைத்தாலே எனக்கு அச்சமாக இருக்கிறது.

வாய் கொப்பளிக்கும் கிருமிநாசினித் திரவத்தில் தலையை ஊறவைக்கும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. அது கிருமிகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், அடியோடு ஒழிக்காது. அன்றாடத் தேவையும் அல்ல. ஒரே கிண்ணத்தில் வீட்டிலுள்ள அனைவரின் தலைகளையும் போட்டு, அதே திரவத்தை நாள்கணக்கில் வைத்திருந்தால், ஒருவர் வாயிலுள்ளது இன்னொருவர் வாய்க்குப் போகும் வழியாகவே அது மாறிவிடும். ஒரே கைப்பிடியைப் பலர் பகிரும் வீடுகளில் தலைகள் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியே வைக்கப்படுவதும், கைப்பிடியின் கழுத்து ஒவ்வொரு முறையும் துடைக்கப்படுவதும் கட்டாயம். தலைகளின் அடியில் வெவ்வேறு நிற வளையங்கள் தரப்பட்டிருப்பது இதற்காகத்தான்.

சார்ஜரைப் பற்றிப் பேசும்போது, இந்தக் கருவியின் தொடக்கத்தைச் சற்று நினைவுகூர்வது பயனுள்ளது. சுவிட்சர்லாந்தில் 1954-இல் உருவாக்கப்பட்ட பிராக்ஸோடென்ட் என்னும் பிரஷ், சுவரிலுள்ள மின்இணைப்பில் நேரடியாகச் செருகி இயங்கியது. ஈரக் கையில் வீட்டு மின்சாரம் ஓடும் கம்பியோடு ஒரு கருவியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டார்கள் என்பதை இன்று நினைக்கவே கூசுகிறது. 1960-களின் தொடக்கத்தில் கம்பியில்லாத, மீண்டும் மின்னேற்றத்தக்க பிரஷ்கள் வந்தன. இப்போதுள்ள பெரும்பாலான சார்ஜர்களில் உலோக முனைகளே வெளியே தெரிவதில்லை. அடிமேடைக்குள் உள்ள கம்பிச்சுருளில் மாறுமின்னோட்டம் பாயும்போது எழும் காந்தப்புலம், கைப்பிடிக்குள் உள்ள மற்றொரு சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. இரண்டுக்கும் நடுவே பிளாஸ்டிக் சுவர் இருப்பதால், கைப்பிடியின் அடியிலுள்ள ஈரம் மின்சாரத்தைத் தொடுவதில்லை.

இந்தப் பாதுகாப்பு கைப்பிடிக்கு மட்டுமே உரியது. அடிமேடையும் அதன் கம்பியும் செருகியும் வீட்டு மின்சாரத்தோடு இணைந்தவை. அதனால் அடிமேடையை எப்போதும் செருகியைப் பிடுங்கிய பின்னரே துடைக்க வேண்டும். பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் மீண்டும் செருக வேண்டும். கைப்பிடி நிற்கும் சிறு முளையைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு படியும். அதை நீரில் முக்காமல், நனைத்த பஞ்சால் ஒற்றி எடுக்கலாம். தொட்டிக்கோ முகம் கழுவும் பேசினுக்கோ மேலே, கை தவறினால் விழும்படியான இடத்தில் சார்ஜர் இருக்கக் கூடாது. ஒருவேளை விழுந்துவிட்டால், நீருக்குள் கைவிட்டு எடுக்கப் பாயாமல், முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். இதைக் குழந்தைகளுக்கும் ஒருமுறைக்கு இருமுறை சொல்லிவைப்பது நல்லது. குளியலறைக்கான இணைப்பில், 30 மில்லி ஆம்பியர் அளவு கசிந்தாலே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி இருந்தால் உயிர்காப்பு இன்னும் உறுதிப்படும். கம்பியின் மேலுறை கிழிந்தாலோ அடிமேடை வெடித்தாலோ ஒட்டுநாடா சுற்றிப் பயன்படுத்தாமல் சார்ஜரையே மாற்ற வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருப்பவர்கள் இத்தகைய பிரஷையும் சார்ஜரையும் பயன்படுத்துமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பேட்டரியைப் பொறுத்தவரை பழைய அறிவுரைகள் புதிய கருவிகள்மீதும் சுமத்தப்படுகின்றன. நிக்கல் சார்ந்த பேட்டரி உள்ள பிரஷ்களை, சுமார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை முற்றிலும் தீரும்வரை ஓட்டிவிட்டு மறுபடி மின்னேற்றச் சொல்வது பொருத்தமானது. லித்தியம் அயான் பேட்டரிக்கு அது தேவையில்லை; அடிக்கடி முழுக்கத் தீரவிடுவதும், நெடுங்காலம் தீர்ந்த நிலையில் கிடப்பில் போடுவதும் அதன் ஆயுளைக் குறைக்கும். எந்த வகை என்பது கைப்பிடியின் அடியிலோ கையேட்டிலோ குறிப்பிடப்பட்டிருக்கும்.

தலையை மூன்று முதல் நான்கு மாதங்களுக்குள், இழைகள் விரிந்துவிட்டால் அதற்கு முன்னரே, மாற்றிவிட வேண்டும். இதைத் தூய்மைக்கான அறிவுரையாக மட்டும் பார்ப்பது போதாது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2012-இல் பேட்டரியில் இயங்கும் ஒரு வகை டூத் பிரஷ் குறித்து எச்சரிக்கை விடுத்தது. துலக்கும்போதே தலையோ அதன் பாகங்களோ கழன்று வந்து, பல் உடைந்ததும், ஈறு கிழிந்ததும், துண்டுகளை விழுங்கியதும், தொண்டை அடைபட்டதும் அதற்குக் காரணம். தேய்ந்த தலை, விரிசல் விட்ட தலை, மாட்டும்போது உறுதியாகப் பிடிக்காத தலை ஆகியவற்றை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். புதிய தலையை மாட்டியதும் வாய்க்கு வெளியே சில நொடிகள் ஓட்டி, வழக்கத்துக்கு மாறான கடகடப்பு இருக்கிறதா, தலை தள்ளாடுகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம். குழந்தைகளின் பிரஷை இப்படிச் சோதிப்பது பெரியவர்களின் வேலை.

வைக்கும் இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கழிப்பறைத் தொட்டியில் நீரைத் திறந்துவிடும்போது நுண்துளிகள் காற்றில் எழுகின்றன என்பதை நுண்ணுயிரியலாளர் சார்ல்ஸ் ஜெர்பாவும் உடன் ஆய்வாளர்களும் 1975-லேயே காட்டியிருக்கிறார்கள். மூடியைச் சாத்திவிட்டு நீரைத் திறப்பதும், பிரஷைத் தள்ளி வைப்பதும் போதும். அதற்கு அஞ்சி, ஈரத் தலையின்மேல் இறுக்கமான மூடியைப் போட்டுவைப்பது நிலைமையை மோசமாக்கும். பயணப் பெட்டியில் வைக்க நேர்ந்தால், தலையைத் துணியால் ஒற்றி எடுத்து வைத்து, போய்ச் சேர்ந்ததும் வெளியே எடுத்துக் காயவிட வேண்டும். அந்தப் பெட்டிக்குள்ளும் படலம் படியும் என்பதால் அதையும் இடையிடையே கழுவ வேண்டும்.

எவ்வளவு கவனமாகப் பேணினாலும் கைப்பிடிக்கு ஒரு முடிவு உண்டு. அடிப்பக்கத்திலிருந்து துருநிற நீர் சொட்டுவது, தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வெளியே பிதுங்கித் தெரிவது, மின்னேறும்போது கைப்பிடி வழக்கத்தைவிடச் சூடாவது, உடற்பகுதி உப்பியிருப்பது, தானாகவே ஓடுவது அல்லது நிற்பது ஆகியவற்றுள் ஒன்று தெரிந்தாலும் அதை மின்னேற்றுவதையும் வாயில் வைப்பதையும் நிறுத்திவிட வேண்டும். சூட்டடுப்பின்மேலோ வெயிலிலோ காயவைத்து மறுபடி ஓட்டிப்பார்ப்பது, உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி என்றால் விபரீதமாக முடியக்கூடும். பேட்டரியோடு கூடிய கைப்பிடியை வீட்டுக் குப்பையில் போட்டால், அது நசுங்கித் தீப்பிடிக்கும் வாய்ப்பு இருப்பதால், மின்னணுக் கழிவுகளைப் பெறும் இடத்தில்தான் சேர்க்க வேண்டும். அதுவரை சார்ஜரிலிருந்து எடுத்து, எரியக்கூடிய பொருள்கள் அருகில் இல்லாத உலர்ந்த இடத்தில் தனியே வைத்திருக்கலாம்.